ஒழுகும் டேங்க், கருகும் திரி: பிரிட்டனின் டிஸ்போசபிள் வேப் தடைக்குப் பிறகு என்ன நடக்கிறது?

"மச்சான், புதுசா ரீஃபில் டைப் வாங்கினேன். பாக்கெட் ஃபுல்லா எண்ணெய் மாதிரி ஒழுகுது. கடைக்காரர் சொன்னார்னு வேற லிக்விட் மாத்தினேன். ஒழுகறது நின்னுடுச்சு. ஆனா இப்ப இழுத்தா துணி கருகின டேஸ்ட். பேசாம சிகரெட்டுக்கே போயிடலாமான்னு இருக்கு."

லண்டனில் வேலை பார்க்கும் நண்பர் அனுப்பிய வாட்ஸ்ஆப் மெசேஜ் இது. பத்து வருடம் சிகரெட் பிடித்தவர். டிஸ்போசபிள் வேப் எனப்படும், பயன்படுத்தித் தூக்கி எறியும் இ-சிகரெட்டுக்கு மாறித்தான் சிகரெட்டை விட்டார். 2025 ஜூன் 1 அன்று பிரிட்டன் முழுக்க அந்த டிஸ்போசபிள் விற்பனைக்குத் தடை வந்தது. இனி வாங்குவது சார்ஜ் போடக்கூடியதாகவும் திரவம் நிரப்பக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அங்கேதான் நண்பருக்குச் சிக்கல் ஆரம்பித்தது.

பாக்கெட்டில் கறை, வாயில் கருகல் என்றால் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் இந்தத் தடை வெற்றியா தோல்வியா என்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

தடை எதற்காக வந்தது?

முதல் காரணம் குப்பை. பிரிட்டனில் வாரத்துக்கு சுமார் 50 லட்சம் டிஸ்போசபிள் வேப்கள் தூக்கி எறியப்படுகின்றன என்று 'மெட்டீரியல் ஃபோகஸ்' என்ற மறுசுழற்சி அமைப்பு 2023-ல் கணக்கிட்டது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு லித்தியம் பேட்டரி. குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். இரண்டாவது காரணம் பிள்ளைகள். மிட்டாய் கலரில், கையடக்கமாக, மலிவு விலையில் கிடைத்த இந்தச் சாதனங்கள் பள்ளிக்கூடப் பைகளுக்குள் புகுந்துவிட்டன. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது என்ற சட்டம் முன்பே இருந்தும் நிற்கவில்லை.

இங்கிலாந்தில் தடையை மீறும் கடைக்கு முதலில் 200 பவுண்டு அபராதம். தொடர்ந்து மீறினால் சிறை வரைக்கும் போகும். பெல்ஜியம் 2025 ஜனவரியிலும், பிரான்ஸ் அதே ஆண்டு பிப்ரவரியிலும் இதே முடிவை எடுத்துவிட்டன.

ஆனால் பிரிட்டன் வேப்பையே ஒழிக்க நினைக்கவில்லை. இந்தியாவின் பாதைக்கும் அவர்களின் பாதைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். சிகரெட்டை விட வேப் தீங்கு குறைவு, சிகரெட்டை விடுவதற்கு அது ஒரு வழி என்பது அவர்கள் நிலைப்பாடு. 10 லட்சம் புகைப்பவர்களுக்கு ஸ்டார்ட்டர் கிட் வழங்கும் திட்டத்தை 2023-ல் இங்கிலாந்து அரசே அறிவித்தது. நிகோடின் பேட்ச், சூயிங்கத்தை விட நிகோடின் வேப் மூலம் சிகரெட்டை விடுபவர்கள் அதிகம் என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்கத் தயங்குகிறது. இளைஞர்களை நிகோடினுக்குள் இழுத்துவிடும் என்பது அதன் கவலை. அந்தக் கவலையும் நியாயமானதுதான்.

ஆக, பிரிட்டன் அரசின் கணக்கு இப்படி: டிஸ்போசபிள் போகும், அதைப் பயன்படுத்திக் கொண்டிருந்த முன்னாள் புகைப்பவர்கள் ரீஃபில் சாதனத்துக்கு மாறுவார்கள். மாறுவதில் கஷ்டம் இருக்காது என்று ஒரு நம்பிக்கை இந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கிறது. டிஸ்போசபிளில் எந்தத் திரவம், எத்தனை வாட், எவ்வளவு பஞ்சு என்பதையெல்லாம் தொழிற்சாலையே முடிவு செய்து சீல் வைத்துவிடும். ரீஃபிலில் அந்த வேலை வாங்குபவர் தலையில். நண்பரின் மெசேஜ் சொல்வது அதைத்தான்.

குத்துவிளக்கை நினைத்துக்கொள்ளுங்கள்

இந்தச் சாதனத்தின் இதயம் ஒரு சின்ன உருளை. உள்ளே பஞ்சு, பஞ்சை ஒட்டி ஒரு உலோகக் கம்பிச் சுருள். இரண்டும் சேர்ந்ததைக் காயில் என்கிறார்கள். அதைச் சுற்றி டேங்க்கில் திரவம். காயிலின் பக்கவாட்டில் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாகத் திரவம் பஞ்சுக்குள் இறங்கும். பட்டனை அழுத்தினால் கம்பி சூடாகி, பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகும்.

குத்துவிளக்கில் எண்ணெய் இருக்கும்வரை எரிவது எண்ணெய்தான், திரி பெரிதாகக் கருகாது. எண்ணெய் வற்றினால் திரியே எரிய ஆரம்பித்து நாற்றம் எடுக்கும். எண்ணெயைத் தளும்ப ஊற்றினால் வழிந்து தரையெல்லாம் பிசுபிசுக்கும். வேப் டேங்க்கும் கிட்டத்தட்ட இதே கதை. பஞ்சுக்குத் தேவைக்கு மேல் திரவம் போனால் ஒழுகல், தேவைக்குக் குறைவாகப் போனால் கருகல். இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். அதனால்தான் ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றது வந்து நிற்கிறது.

இதில் முக்கியமானது திரவத்தின் கெட்டித்தன்மை. வேப் திரவத்தில் பெரும்பகுதி இரண்டு பொருட்கள்: புரொபிலீன் கிளைக்கால், வெஜிடபிள் கிளிசரின். பாட்டிலில் பிஜி, விஜி என்று போட்டிருப்பார்கள். பிஜி தண்ணீர் பதத்துக்குப் பக்கம். விஜி தேன் பதம். இரண்டும் பாதிக்குப் பாதி என்றால் வேகமாக ஊறும். விஜி 70 சதவீதம் என்றால் மெதுவாக ஊறும்.

சின்ன ஓட்டை கொண்ட காயிலுக்கு (பெரும்பாலும் 0.8 ஓம், 1.2 ஓம் என்று எழுதியிருக்கும்) தண்ணியான திரவம் சரி. பெரிய ஓட்டையும் நிறைய புகையும் தரும் 0.2 ஓம் போன்ற காயிலுக்குக் கெட்டியானது சரி. மாற்றி ஊற்றினால் போச்சு. நண்பரின் கருகலுக்குக் காரணம் இதுவே. சின்ன பாட் சாதனத்தில் 70 சதவீத விஜி ஊற்றியிருந்தார். ஒழுகல் நின்றது உண்மைதான். பஞ்சுக்குள்ளேயே போகாத திரவம் எப்படி ஒழுகும்?

சரி, முதலில் ஏன் ஒழுகியது?

நண்பர் வீடியோ காலில் நிரப்பிக் காட்டினார். பார்த்ததுமே புரிந்தது. டேங்க்கின் நடுவில் ஒரு குழாய் இருக்கும். அது புகை மேலே வரும் வழி. பாட்டில் மூக்கை நேராக அதற்குள் நீட்டி அழுத்தியிருக்கிறார். திரவம் டேங்க்குக்குள் போகாமல் அந்தக் குழாய் வழியாகக் காயிலுக்கு அடியில் இறங்கி, காற்றுத் துளை வழியாக வெளியே வந்துவிட்டது. நிரப்ப வேண்டியது பக்கவாட்டில் உள்ள திறப்பில். பாட்டிலைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, மெதுவாக, விளிம்புவரை தளும்பாமல்.

நிரப்பிய பிறகும் ஒழுகுவதற்குக் காரணம் காற்று. ஸ்ட்ராவைத் தண்ணீரில் முக்கி, மேல் நுனியை விரலால் அடைத்துத் தூக்கினால் தண்ணீர் கீழே விழாது அல்லவா? டேங்க்கில் திரவம் நிற்பதும் அப்படித்தான். திரவத்துக்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றின் அழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. அதுதான் திரவத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. மூடி வழியாகவோ தேய்ந்த ரப்பர் வளையம் வழியாகவோ காற்று உள்ளே புகுந்தால் விரலை எடுத்த ஸ்ட்ரா மாதிரி ஆகிவிடும். ஆகவே ஒழுகினால் முதலில் பார்க்க வேண்டியவை: ரப்பர் வளையம் கிழிந்திருக்கிறதா, காயில் கோணலாக உட்கார்ந்திருக்கிறதா, கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா. காற்றுத் துளையை மூடும் வசதி உள்ள சாதனம் என்றால், மேல் மூடியைத் திறப்பதற்கு முன் அதை மூடிவிடுவது நல்லது.

சூடு இன்னொரு காரணம். ஃபுல்ஹேண்ட் சட்டைப் பாக்கெட்டில் இங்க் பேனா வைத்து நீலக் கறை வாங்கிய தலைமுறைக்கு இது உடனே புரியும். கார் டேஷ்போர்டில் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளும். சூட்டில் திரவமும் இளகிவிடும். விமானத்தில் இது இன்னும் மோசம். பறக்கும்போது கேபினில் இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலை மீது இருப்பது வரை குறையக்கூடும். அந்த அழுத்தத்தில் டேங்க்கில் இருக்கும் 1 மி.லி. காற்று கிட்டத்தட்ட 1.3 மி.லி. ஆக விரியப் பார்க்கும். அந்தக் கூடுதல் இடத்துக்காகத் திரவம் வெளியேற வேண்டியதுதான். பேட்டரி இருப்பதால் செக்-இன் லக்கேஜில் போடவும் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். டேங்க்கைக் காலி செய்துவிட்டு ஏறுவது ஒன்றே நிச்சயமான வழி.

சிலருக்கு டேங்க் ஒழுகாது, இழுக்கும்போது களகளவென்று சத்தம் வந்து வாய்க்குள் துளி தெறிக்கும். இது காயில் வெள்ளத்தில் மூழ்கிய நிலை. ஜூஸ் உறிஞ்சுவது போலப் பலமாக இழுப்பதுதான் இதற்கு வழக்கமான காரணம். பாட்டைக் கழற்றி, டிஷ்யூவில் கவிழ்த்து இரண்டு உதறு உதறினால் சரியாகும். இழுப்பதை மென்மையாக்க வேண்டும்.

கருகல் ஏன்?

புதுக் காயில் போட்ட உடனே இழுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. காய்ந்த பஞ்சு முதல் இழுப்பிலேயே கருகிவிடும். டேங்க்கை நிரப்பி பத்து நிமிடம் சும்மா வைக்க வேண்டும். காயில் தனியாகக் கழற்றும் வகை என்றால் பஞ்சு தெரியும் ஓட்டைகளில் நாலைந்து துளி விட்டுப் பொருத்தலாம்.

அடுத்தது வாட். காயில் மீது '10 முதல் 14 வாட்' என்பது போல ஒரு அளவு பொறித்திருக்கும். அதற்கு மேல் வைத்தால் பஞ்சு ஊறும் வேகத்தை ஆவியாகும் வேகம் முந்திவிடும். கணக்கும் எளிதுதான். 3.7 வோல்ட்டில் 1.2 ஓம் காயில் சுமார் 11 வாட் எடுக்கும். அதே வோல்ட்டில் 0.6 ஓம் என்றால் 23 வாட் ஆகிவிடும். விடாமல் தொடர்ந்து இழுப்பதும் இதே விளைவைத் தரும். இரண்டு இழுப்புக்கு நடுவில் பஞ்சுக்கு ஊற நேரம் வேண்டும்.

இனிப்பு இன்னொரு வில்லன். டிஸ்போசபிளின் அதே ருசி வேண்டும் என்று கேட்பவர்களுக்காக வரும் திரவங்களில் பலவற்றில் சுக்ரலோஸ் சேர்க்கிறார்கள். பாகு அடிப்பிடிப்பது போல அது கம்பி மேல் கருப்பாகப் படியும். ஒன்றிரண்டு வாரம் வர வேண்டிய காயில் சில நாளிலேயே போய்விடும். கருகின காயிலைக் கழுவிக் காய வைத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். கம்பி மேல் உள்ள படிவம் கொஞ்சம் போகலாம், ஆனால் கருகின பஞ்சு திரும்பப் பஞ்சாகாது. மாற்றிவிட வேண்டியதுதான்.

கருகல் ருசி உடம்புக்குக் கெடுதலா?

ஆமாம். அதற்குப் பின்னால் பெரிய வாதமே நடந்திருக்கிறது.

திரவம் இருக்கும்வரை கம்பியின் வெப்பம் ஓரளவு கட்டுக்குள் இருக்கும். பிஜியின் கொதிநிலை 188 டிகிரி செல்சியஸ், கிளிசரினுக்கு 290. திரவம் தீர்ந்தால் வெப்பம் எகிறும். அப்போது பிஜியும் கிளிசரினும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் போன்றவையாக மாறும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கும் பொருள். அக்ரோலின் நுரையீரலை எரிச்சலூட்டுவது. எண்ணெய் கருகும்போது கண் எரிவதற்கும் அதுதான் காரணம்.

2015 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். 3.3 வோல்ட்டில் வைத்தபோது ஃபார்மால்டிஹைடு சார்ந்த பொருட்கள் தென்படவில்லை, 5 வோல்ட்டுக்கு உயர்த்தியபோது கணிசமாக வந்தன என்பது அதன் சாரம். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. அதே ஆண்டு கிரேக்க ஆய்வாளர் கான்ஸ்டான்டினோஸ் ஃபார்சலினோஸ் குழு 'அடிக்‌ஷன்' இதழில் பதில் கொடுத்தது. பஞ்சு காய்ந்து கருகும் நிலையில்தான் இவ்வளவு ஆல்டிஹைடு வருகிறது, அந்த ருசியைச் சகித்துக்கொண்டு யாரும் இழுக்க மாட்டார்கள் என்று அவர்கள் வாதிட்டார்கள்.

வாதம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் அதன் அடித்தளம் 'யாரும் இழுக்க மாட்டார்கள்' என்ற நம்பிக்கை. காயில் வாங்க சோம்பல், கடை மூடிவிட்டது, இன்னும் ஒரு நாள் ஓட்டலாம் என்று லேசான கருகலோடு இழுத்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்? என் நண்பர் நான்கு நாள் ஓட்டியிருக்கிறார். கருகல் ருசி ஒரு எச்சரிக்கை மணி. அது அடிக்கும்போது நிறுத்தினால்தான் அந்த மணியால் பயன்.

உலோகம் பற்றியும் ஒரு ஆய்வு உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு 2018-ல், வேப் பயன்படுத்தும் 56 பேரின் சாதனங்களைச் சோதித்தது. பாட்டிலில் இருந்த திரவத்தில் மிகக் குறைவாக இருந்த ஈயம், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள், காயிலைத் தொட்ட திரவத்திலும் புகையிலும் கூடுதலாக இருந்தன.

ஒழுகலையும் வெறும் கறை என்று விட முடியாது. அதில் இருப்பது நிகோடின், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். பிரிட்டனில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு மி.லி.க்கு 20 மி.கி. அப்படியானால் ஒரு 10 மி.லி. பாட்டிலில் 200 மி.கி. நிகோடின். கையில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால் பாட்டிலைப் பூட்டி வைக்க வேண்டும். குழந்தை விழுங்கிவிட்டால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

சட்டம் ஒழுகலைப் பற்றி என்ன சொல்கிறது?

ஆச்சரியமாக இருக்கும், நிறையவே சொல்கிறது. ஒழுகாமல் நிரப்பும் வசதி இருந்தாக வேண்டும் என்று 2014-ம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியப் புகையிலைப் பொருட்கள் சட்டமே கட்டளையிட்டிருக்கிறது. பாட்டில் மூக்கு குறைந்தது 9 மில்லிமீட்டர் நீளம், கவிழ்த்துப் பிடித்தால் நிமிடத்துக்கு 20 துளிக்கு மேல் சொட்டக் கூடாது என்பது வரை 2016-ல் விவரமாக எழுதினார்கள். பிரிட்டன் அப்போது ஒன்றியத்துக்குள் இருந்ததால் அங்கும் 2016-ல் அதை ஒட்டிய விதிகள் வந்தன. டேங்க் 2 மி.லி.க்கு மேல் இருக்கக் கூடாது, பாட்டில் 10 மி.லி.க்கு மேல் கூடாது என்பதும் அந்த விதிகளில் உண்டு.

துளிகளை எண்ணிய சட்டம், எந்தக் காயிலுக்கு எந்தத் திரவம் என்பதைப் பாட்டில் மேல் பெரிதாக எழுத வேண்டும் என்று கேட்கவில்லை. நண்பரின் பாட்டிலில் விஜி 70 என்பது எறும்பு எழுத்தில் இருந்தது. ஒரு டிஸ்போசபிளைப் பிரித்து இழுத்தே பழகியவருக்கு அந்த எண்ணின் அர்த்தம் எப்படித் தெரியும்?

அதனால்தான் சந்தை வேறு ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்துவிட்டது. பழைய டிஸ்போசபிள் பிராண்டுகளே கிட்டத்தட்ட அதே வடிவில், அடியில் சார்ஜ் துளையும் மேலே கழற்றும் பாட்டும் வைத்து விற்கின்றன. காகிதத்தில் இது மறுபயன்பாட்டுச் சாதனம். ஆனால் பாட் தீர்ந்ததும் மொத்தத்தையும் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு வாங்குபவர்களைச் சட்டம் தடுக்க முடியாது. ஒழுகல், கருகல் தொல்லை பிடிக்காதவர்களுக்கு இதுதான் சுலபமான தப்பிக்கும் வழி. இரண்டாவது வழி சிகரெட். பிரிட்டனில் 2024-ல் முதல்முறையாக, சிகரெட் பிடிப்பவர்களைவிட வேப் பயன்படுத்துபவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்கிறது அந்நாட்டுப் புள்ளியியல் துறை. அப்படி மாறியவர்களில் ஒரு பகுதி சிகரெட்டுக்குத் திரும்பினாலும் கணக்கு தலைகீழாகும். 2026 அக்டோபர் 1 முதல் 10 மி.லி. திரவத்துக்கு 2.20 பவுண்டு வரி வேறு வரப்போவதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதனால் பாட்டில் வாங்கிச் சிக்கனமாக நிரப்புபவருக்கும் செலவு கூடும்.

ஊருக்குக் கொண்டு வரலாமா?

நண்பருக்கு 50-50 திரவம் வாங்கி, புதுக் காயில் போட்டு, பத்து நிமிடம் ஊற வைக்கச் சொன்னதில் இரண்டு பிரச்னையும் நின்றுவிட்டன. அடுத்த மெசேஜ் உடனே வந்தது: "பொங்கலுக்கு வரும்போது எடுத்துட்டு வரலாம்ல?"

கூடாது. இந்தியாவில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து, அதே ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமான தடை இன்றும் அமலில் உள்ளது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல்முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் மூன்றாண்டு சிறை, ஐந்து லட்சம் அபராதம் வரை போகும். இருப்பு வைப்பதற்கு ஆறு மாதச் சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'நான் விற்கலையே, என் உபயோகத்துக்குத்தான்' என்ற விலக்கு எதுவும் இறக்குமதித் தடையில் எழுதப்படவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கு நிலைமை இன்னும் கடுமை. அங்கே கையில் வைத்திருப்பதே 2018 முதல் குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் தண்டனையும் கூட்டப்பட்டிருக்கிறது.

தடை இருந்தும் சென்னையில் திருட்டுத்தனமாக விற்கிறார்களே என்று கேட்கலாம். விற்கிறார்கள்தான். அந்தச் சரக்கில் நிகோடின் எவ்வளவு, திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதைச் சோதிக்க இங்கே யாரும் இல்லை. 9 மில்லிமீட்டர் மூக்கும் கிடையாது, 20 துளிக் கணக்கும் கிடையாது.

நண்பர் சாதனத்தை லண்டனில் ரூம்மேட்டிடம் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இங்கே இருக்கும் இரண்டு வாரத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் நிகோடின் சூயிங்கம்தான் திட்டம். டீக்கடைப் பக்கம் மட்டும் தனியாகப் போக விடாதே என்று என்னிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்.